நாங்கள் எந்த மண்டலம்?

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கடலடி இணையக் கம்பி நிலையத்தில் வேலை பார்ப்பவன் காகிதத்தில் எழுதுகிறானே என்று சிரிக்காதே. மின்னஞ்சலில் எழுதப் பயம். கம்பி பழுதுபார்க்கும் கப்பலின் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உலக இணையத்துக்கு விதி வகுக்கும், நீ உறுப்பினராக இருக்கும் இணைய அவைக்கு நானும் நண்பர்களும் விண்ணப்பம் அனுப்பினோமே, எல்லாம் உன் தைரியத்தில்தான். நம் தீவை ஆளும் நாடு ஏழு கடல் தாண்டி இருக்கிறது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இத்தனை இருக்கை என்று கொடுக்கும் உங்கள் அவை, அதனால் நம்மையும் அந்த நாட்டின் மண்டலத்தில் சேர்த்துவிட்டது. அவர்கள் கூட்டம் போடும்போது நாம் குறட்டை விடுகிறோம். நமக்காகப் பேச ஒருவருக்கும் இதுவரை இருக்கை கிடைத்ததில்லை. கண்ணெதிரே கரை தெரிகிற மண்டலத்தில் சேர்த்துவிடுங்கள் என்றுதானே கேட்டோம்?

நேற்று ஆளும் நாட்டின் தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் எங்கள் விண்ணப்பம், கையெழுத்துகளோடு. "இன்னைக்கு மண்டலம் மாறணும்பீங்க. நாளைக்கு நாடே மாறணும்பீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உங்களுக்கு மட்டும் அனுப்பியது அவர் கைக்கு எப்படிப் போனது?

உன் தம்பி

பிப்ரவரி 19

என் கம்பிக்காரத் தம்பிக்கு,

எப்படிப் போனது என்றா கேட்கிறாய்? நாங்களேதான் ஊரறிய ஒட்டினோம். அவைக்கு வரும் எந்தக் கருத்தையும், வந்த உடனே, ஓர் எழுத்தும் மாற்றாமல் தளத்தில் வெளியிடுவது இங்கே வழக்கம். பிறகு யார் கெஞ்சினாலும் எடுக்க மாட்டோம். மறைவில் பேசி முடிவெடுக்கக் கூடாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விதி அது. எனக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போனது. உனக்குச் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லையடா. பாவி நான்.

யாரிடமும் வாய் கொடுக்காதே. தனியாக வெளியே போகாதே. 'எந்த மண்டலம் என்பதை அங்கே வாழ்பவர்களே சொல்லலாம்' என்ற வரியைப் புதிய மண்டல விதிகளின் வரைவில் எழுதியவள் நான்தான். அடுத்த மாதம் அது முடிவாகும். அதுவரை நீ இருக்கிற இடம் தெரியாமல் இரு. சாப்பிடுகிறாயா?

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நிலையத்துக்குள் என்னை விடுவதில்லை. கையெழுத்துப் போட்ட எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், கணினி சொல்லித்தரும் பள்ளி ஆசிரியையைக்கூட. எதிர்வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. நேற்று அதிலிருந்தவர் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பா எங்கம்மா?" என்று விசாரித்தாராம். அவள் அதை ஏதோ சாக்லேட் கிடைத்த மாதிரி சந்தோஷமாக வந்து சொன்னாள்.

நாளை எங்கள் எல்லோரையும் தலைநகருக்குக் கூட்டிப் போகிறார்கள். எப்போது திரும்புவோம் என்று தெரியாது. கம்பியைக் காத்தவன் கம்பி எண்ணப் போகிறானோ என்று மனைவியிடம் வேடிக்கை பேசினேன். அவள் என் பையில் இன்னும் இரண்டு சட்டையைத் திணித்தாள்.

எது நடந்தாலும் அந்த வரியை விட்டுவிடாதே.

உன் தம்பி

மார்ச் 21

என் செல்லத் தம்பி,

இது உன் கையில் கிடைத்தால் நீ வீட்டில் இருக்கிறாய் என்று அர்த்தம். அது போதும் எனக்கு.

நம்மை ஆளும் நாட்டின் பிரதிநிதி கூட்டத்துக்கு முன்னால் எனக்கு டீ வாங்கித் தந்தார். "உங்க தம்பி ரொம்பக் கெட்டிக்காரராமே. சீக்கிரம் வீடு போய்ச் சேரட்டும். வரைவுல அந்த ஒரு வரி அவசியமா?" என்றார். உள்ளே போய், வரி தெளிவாக இல்லை, எடுத்துவிடலாம் என்றேன். எழுதியவளே சொன்னதால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. இனி ஆளும் நாடு எதுவோ அதுவே மண்டலம்.

என்னைத் திட்டு. ஆனால் உயிரோடு இருந்து திட்டு.

அக்கா

ஏப்ரல் 2

அவையின் கருத்துப் பெட்டிக்கு,

உங்கள் வழக்கப்படி இதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிடுங்கள்.

நான் வீடு வந்துவிட்டேன். என்னோடு கையெழுத்திட்ட மற்றவர்கள் வரவில்லை. ஆசிரியையின் கணவர் தினமும் என் வாசலுக்கு வருகிறார். "உங்கள மட்டும் எப்படிங்க விட்டாங்க?" என்று கேட்கிறார். பதில் எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

அந்த வரி தெளிவில்லாத வரி அல்ல. அதை எடுத்த உறுப்பினர் என் அக்கா. என்னை வைத்து மிரட்டியதால் எடுத்தாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் எடுத்திருப்பேன். இதைப் படித்த பிறகு அவளுக்கு அங்கே வேலை இருக்காது என்பதும், எனக்கு இனி எழுதமாட்டாள் என்பதும் தெரிந்தே எழுதுகிறேன். மிரட்டி எடுத்த வரியைத் திரும்ப வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் எங்கே என்று எல்லோரும் பார்க்கும்படி கேளுங்கள்.

கார் மறுபடி எதிர்வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் வெளியிடுங்கள்.

கம்பி நிலையப் பொறியாளர்