அப்பா எழுதிய என் விண்ணப்பம்

1996 ஜூன் 19, புதன்

காலையிலிருந்து சாரல். துணி காயலை. ஈரத் தாவணியோடு டைப்ரைட்டிங் கிளாஸ், ஒரே தும்மல்.

சாயங்காலம் செல்வி வந்தாள். காலேஜில் என் பக்கத்து பெஞ்ச், இப்போ பாளையங்கோட்டையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். அங்கே கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்க ஆள் எடுக்காங்க. தபால் குவியுதாம். அதில் சில விண்ணப்பங்களை மட்டும் மேனேஜர் முதல் வரி பார்த்ததுமே தனியா ஒதுக்கி நூல் போட்டுக் கட்டிருவாராம். ஆபீஸில் அதுக்குப் பெயர் அம்பாசமுத்திரம் கட்டு. எல்லாம் எங்க ஊரிலிருந்து போன ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறே. சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.

எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்? அந்தக் கடிதம் எங்க அப்பா எழுதினது. ஹெட்மாஸ்டரா இருந்தப்போ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் கேட்டு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. அட்டையில் ஒட்டி அங்கன சுவரில் தொங்குது. ஊரில் யார் வேலைக்கு மனு போட்டாலும் அதைப் பார்த்துத்தான் டைப் அடிக்கணும். தமிழில் சொன்னா, ஆரம்பத்தில் தாழ்மையுடன் யாசிக்கிறேன். முடிவில் இந்தக் கருணைக்காகத் தங்கள் நீண்ட ஆயுளுக்கு என்றென்றும் பிரார்த்திப்பேன். நானும் இதுவரை அதையே அடிச்சு அடிச்சு அனுப்பியிருக்கேன். ஒருத்தன் பதில் போடலை. என் மார்க்கில்தான் கோளாறுன்னு அழுதது வேறே. சீ.

ஜூன் 20, வியாழன்

சாரல் விட்டுவிட்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கணும்.

அப்பா கெடு மறுபடி. ஆடி முடியுமுன் வேலை கிடைச்சா ரெண்டு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாராம். கிடைக்கலைன்னா ஆவணியில் சங்கரன்கோவில் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லியாச்சு, பொண்ணு வேலைக்குப் போகக் கூடாதுன்னு. பி.காம். படிச்சது அவுக வீட்டு மளிகைச் சீட்டு எழுதவா?

பம்ப்செட் கம்பெனிக்கு நானே எழுதினேன். தமிழில். விளம்பரத்தில் இங்கிலீஷ்தான் வேணும்னு எங்கேயும் இல்லை. எழுதினது ஞாபகத்துக்கு:

- சித்தப்பா வயலில் ஓடுறது உங்க பம்ப்செட். போன வருஷம் கார் நெல் நடவு சமயத்தில் நின்னு போச்சு.
- ரிப்பேருக்கு ஆள் அனுப்பச் சொல்லி மூணு கார்டு போட்டார். பதில் இல்லை. அடுத்த மோட்டார் வேறே கம்பெனியில் வாங்கிட்டார்.
- கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் இல்லாததால் போன வியாபாரம் அது. அந்த ஆள் வேலைக்குத்தான் விண்ணப்பிக்கிறேன்.
- பி.காம். முதல் வகுப்பு. டைப்ரைட்டிங் ரெண்டு மொழியிலும் ஹையர்.

கீழே கையெழுத்து. பிரார்த்தனை கிடையாது.

அப்பா வாங்கிப் படிச்சார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சு மறுபடி படிச்சார். "இது விண்ணப்பமா, வக்கீல் நோட்டீஸாட்டி?" பணிவுன்னு ஒண்ணு வேண்டாமா, அதுவும் தமிழில் எழுதினா எவன் மதிப்பான், பொம்பளப் பிள்ளை இப்படி எழுதலாமா என்று பெரிய பிரசங்கம்.  நான் ஒரு வார்த்தை மாத்தலை.

ஜூன் 22, சனி

அம்மா கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினா. தடவட்டும். கடைத்தெருவுக்குப் போற வழியில் அப்பாவே தபாலில் சேர்த்துட்டு வந்தார். கோபம் தணிஞ்சிட்டு போல. நல்ல மனுஷன்தான்.

தைலம் வாங்க மறந்துட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

நல்ல மனுஷனாம்! எனக்கு நானே எழுதி வச்சிருக்கேன் பாரு.

செல்வி வந்தாள். முகமே சரியில்லை. நேத்து மேனேஜர் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தாராம். "ஏட்டி காந்தி, ஒன் லெட்டரும் அந்தக் கட்டுலதாம்ட்டி கெடக்கு." இங்கிலீஷில், தாழ்மையுடன் யாசிக்கிறேன், கீழே காந்திமதி என்று என் பெயர், சாய்ஞ்ச எழுத்திலாம். அப்பா கையெழுத்தேதான்.

கேட்டேன். மறைக்கலை. உன் நல்லதுக்குத்தான் மாத்தி வச்சேன் என்றார். என்னோடது எங்கே? கிழிச்சுட்டாராம்.

அழலை. உட்கார்ந்து மறுபடி எழுதினேன். ஒரு வார்த்தை மறக்கலை. முன்னைவிடக் காரமாகவே வந்தது. நாளைக்குப் போறேன். யாரிடமும் கேட்கப் போவதில்லை.

ஜூலை 1, திங்கள்

முதல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாளையில் நல்ல வெயில், சாரல் வாடையே கிடையாது. செருப்பு வார் அறுந்து, பின் குத்திக்கிட்டு நடந்தேன்.

மேனேஜர் அறைக்குள் போனேன். கடிதத்தை மேஜையில் வச்சேன். பெயரைப் பார்த்துட்டு, உங்க விண்ணப்பம் ஏற்கனவே வந்திருக்கே என்றார்.

"அது எங்க அப்பா எழுதினது சார். வேலை கேட்கிறது நான்."

படிச்சார். சித்தப்பா ஊர், பெயர் எல்லாம் கேட்டு ஃபைல் எடுக்கச் சொன்னார். அந்தக் கார்டுகள் அப்படியே கிடந்தன.  கம்பெனியைக் குறை சொல்லி வேலை கேட்டவங்களை இப்போதான் பார்க்கிறேன் என்றார். குறை இருக்கப்போய்த்தானே சார் ஆள் எடுக்கீங்க என்று வாயில் வந்துட்டு. அவ்வளவுதான், போச்சுன்னு நினைச்சேன். ஃபைலிலிருந்து வேறொரு விவசாயி கார்டை எடுத்துத் தந்து இதுக்குப் பதில் எழுதுங்க என்றார். எழுதிக் கொடுத்தேன். முகத்தில் ஒண்ணும் தெரியலை. தகவல் வரும் என்றார்.

வீட்டுக்கு வந்தா அப்பா வாசலிலேயே நிற்கார். என் கடிதத்தில் என்னட்டி குறை, ஊரே அதை வச்சுத்தான் பிழைக்குது என்றார். சத்தம் போட்டாலும் குரல் உடைஞ்சு போச்சு. திட்டணும்னு வந்தவள், திட்ட முடியலை.

"அதுல நான் இல்லையேப்பா."

சாப்பிடாமல் படுத்துட்டார். நான் சாப்பிட்டேன். ரசமும் துவையலும். நல்ல பசி.

ஜூலை 15, திங்கள்

சாரலோடு காற்று. முருங்கை முறிஞ்சு கிடக்கு.

ஆர்டர் வந்துட்டு! ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி சேரணும். தமிழில்தான் அடிச்சிருக்காங்க. அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிட்டா. செருப்பு புதுசு வேணும். பஸ் பாஸ். கறுப்புக் குடை.

அப்பா மூணு தரம் படிச்சார்.  மத்தியானம் ஒரு இன்லண்ட் கவரை எடுத்து வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். சங்கரன்கோவிலுக்கு எழுதணும், என்ன எழுதட்டும் என்று கேட்டார். என்னிடம்!

என் பெண் வேலையில் சேருகிறாள், இப்போது கல்யாணம் பேசுவதாக இல்லை, அவ்வளவு போதும் என்றேன். சரின்னு எழுத ஆரம்பிச்சார். எட்டிப் பார்த்தேன். முதல் வரியே, தாங்கள் பெரிய மனது பண்ணி எங்களை மன்னிக்க.

"எதுக்குப்பா மன்னிப்பு?"

அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சுட்டு, "சரி, நீயே சொல்லு, எழுதுதேன்" என்றார்.

சொன்னேன்.