மூக்கு தூக்கிய வண்டி

என் அன்பு அப்பா,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அழுத நாட்களில் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இப்போது அழுகை வற்றி, கேள்வி ஒன்று மட்டும் நிற்கிறது. அதைக் கேட்காமல் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள். நான் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நம் பிக்கப் நின்றது. பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. காலி வண்டி எப்போதும் பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்துதானே நிற்கும்? அன்று முன்னும் பின்னும் ஒரே மட்டமாக நின்றது. துணி ஓரத்தில் ஒரு நூல் ஏறி இறங்கினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இவ்வளவு பெரிய வண்டி தப்புமா?

"இன்னா சித்தப்பா, வண்டி மூக்கு ஒசந்துகினு நிக்குது?" என்று கேட்டேன்.

"லெவல் பண்ணிட்டேம்மா. கடல் உள்ள வந்ததுலேர்ந்து உப்பளத்து ரோடு குண்டும் குழியுமா கெடக்குது. முன்னாடி தரை தட்டுது. வானூர் பட்டறையில குடுத்துத் தூக்கிட்டேன்."

நியாயமான காரணம்தான். ஆனால் சொல்லும்போது உன் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் செய்ய வேண்டும்? வண்டி உன் பெயரில்தானே இருக்கிறது?

அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். முன் பம்பரின் இடது மூலையில் மட்டும் புது பெயிண்ட் இருந்தது. திண்டிவனம் லோடு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். பொழுது சாய்வதற்குள் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஒரு நாள் கடைத்தெருவில் வண்டித் தரகர் ஒருவரோடு ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் வருவது அவருக்குத் தெரியவில்லை. "சீக்கிரம் ஆள் பாரு. வீட்டுக்குத் தெரியக்கூடாது" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது, அப்பா. அடிபட்ட வண்டிக்குப் பெயிண்ட் பூசி, மட்டமாக நிறுத்தி, விற்கப் போகிறார். நீ நம்பி விட்டுப்போன தம்பி நம்மை ஏமாற்றுகிறார். அம்மாவிடம் சொன்னேன். "சும்மா இருடி" என்றாள். அவள் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் சித்தப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். தரையிலிருந்து முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு வரைக்கும் அளந்தேன். வலது பக்கத்தைவிட இடது பக்கம் முக்கால் அங்குலம் குறைந்தது. இன்னொரு முறை அளந்தேன். அதே முக்கால். குனிந்து பார்த்தால் இடது டயரின் உள்ளோரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மட்டம் செய்த வண்டி ஒரு பக்கம் ஏன் சாய வேண்டும்?

வண்டி வழக்கம்போல உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. அம்மாவும் அதில்தான் போனாள். நான் பஸ் பிடித்து வானூர் போனேன். பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மரக்காணத்து உப்பு வண்டி என்றதும் அந்த மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ அவர் அண்ணன் பொண்ணா? ஆர்ம் மாத்திட்டாராம்மா?"

"எந்த ஆர்ம்?"

அவர் ஒரு பழைய வண்டிக்கு அடியில் என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார். முன்பக்கம் இரண்டு புறமும் நீளமான கம்பி ஒன்று முறுக்கேறி நின்று பாரத்தைத் தாங்குமாம். அதன் போல்ட்டை இறுக்கினால் மூக்கு மேலே வரும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைக்குத்தான் ஆர்ம் என்று பெயர். நம் வண்டியில் இடது பக்கத்து ஆர்ம் எதிலோ மோதி வளைந்துவிட்டது.

"வளைஞ்சதோட இல்லம்மா, விரிசலும் வுட்டிருக்குது. அதனால ஒரு பக்கம் எறங்கி நின்னுச்சு. இப்போதைக்கு ரெண்டு பக்கமும் தூக்கி வுடு, வெளிய தெரியாம இருந்தா போதும்னாரு. நானும் தூக்கி வுட்டேன், தப்புதான். ஆனா லோடு ஏத்தாத, ஆளு ஏத்தாத, ஒடஞ்சா சக்கரம் படுத்துக்கும்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன்."

ஆளு ஏத்தாத. அந்த நேரத்தில் பதினோரு பெண்கள் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் அந்த வண்டியில்தான் திரும்புவார்கள். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு நிறுத்தமும் என்னைக் கொன்றது. இறங்கி உப்பளத்துப் பாதையில் ஓடினேன். செருப்பு அறுந்து போனது. வெயிலில் உப்பு பளீரென்று கண்ணைக் குத்தியது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் ஏறிவிட்டார்கள். சித்தப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

நான் நடுப்பாதையில் போய் நின்றேன்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

"இன்னாடி பண்ற? பேய் புடிச்சுதா?" என்று அம்மா மேலிருந்து கத்தினாள்.

சித்தப்பா பக்கத்துக் கதவைத் திறந்து, "வானூர் பட்டறைக்குப் போயிட்டுதான் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

"விக்கத்தான போற? இவங்கள்லாம் செத்தா பரவால்லையா?"

"விக்கவா? யாரு சொன்னது?" என்றவர், இறங்கி வந்து என் எதிரில் நின்றார். "எனக்கு எடது கண்ணு தெரியலம்மா. மதகுக் கல்லு கிட்ட வந்தது தெரியல. இடிச்சிட்டேன். ஆர்ம் மாத்தக் குடுத்தா எப்படி இடிச்சன்னு கேப்பீங்க. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வண்டிய வாங்கிக்குவீங்க. எனக்கு வேற இன்னா தெரியும்? அதான் தரகர்கிட்ட ஒரு டிரைவர் பாக்கச் சொன்னேன். ஆளு வந்ததும் நானே நிறுத்திக்கலாம்னு இருந்தேன்."

வண்டியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் காறித் துப்பிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அது திட்டியதைவிட மோசம்.

அதன் பிறகுதான் அவர் அதைச் சொன்னார். "உங்கப்பனுக்குத் தெரியும்மா. ரெண்டு வருசமா தெரியும்."

அப்பா, முட்டி வலியால் ஸ்டியரிங்கைத் தம்பியிடம் கொடுத்த பிறகும், விடியற்காலையில் எழுந்து அவரோடு கிளம்புவாயே. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போகிறாய் என்று நினைத்தோம். இடது பக்கம் உட்கார்ந்து, "ஒதுங்கு, கல்லு வருது, மாடு வருது" என்று நீ சொல்லிக்கொண்டே போவாயாம். அவருக்கு இடது கண்ணாக நீதான் இருந்தாயாம். நீ போனதும் அந்தப் பக்கம் இருட்டிவிட்டது.

இதுதான் என் கேள்வி. பின்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் ஒருத்தி உன் பெண்டாட்டி. அவர்களிடம் ஏன் சொல்லவில்லை? தம்பி மேல் இருந்த பாசமா? ஊர் சிரிக்கும் என்ற பயமா? ஒரு நாள் நீ தூங்கிப் போயிருந்தால்?

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். ஆர்ம் மாற்றியாகிவிட்டது. மூக்கையும் பழையபடி இறக்கியாகிவிட்டது. சித்தப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை நோய் அந்தக் கண்ணைத் தின்றுவிட்டதாம், இனித் திரும்பாதாம். வலது கண்ணைக் காப்பாற்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு டிரைவர் வருகிறார். சித்தப்பா அளத்தில் மூட்டை எண்ணுகிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. அவரைத் திருடன் என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நெனச்சது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடமும் கேட்டேன். "ஒனக்கும் முன்னாடியே தெரியுமா?"

அவள் தலையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிக்கொண்டே, "தெரியும்னா இன்னா பண்ணுவ?" என்றாள். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவள் தெரிந்தேதான் ஏறினாளா, அப்பா?

நான் வண்டி ஓட்டப் பழகுகிறேன். மூன்றாவது கியரில் இன்னும் தடுமாறுகிறேன். லைசென்ஸ் வந்ததும் அந்தப் பெண்களை நானே ஏற்றிப் போவேன். எனக்கும் ஒரு காலம் கண் மங்கும், கை நடுங்கும். அன்று யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சமாளிக்க மாட்டேன். வண்டியில் ஏறுகிறவர்களிடம் முதலில் சொல்வேன். ஏறுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். இது நான் உனக்குத் தரும் வாக்கு. நீ அவர்களுக்குத் தராமல் போனது.

கோபம் தீராத, பாசமும் தீராத
உன் மூத்த பெண்,
தேவகி