ஆசிரியர் பெயர்: அவர்

ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்
12.1.2025

அஞ்சனா கண்ணுக்குப் புஷ்பவல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் அபிலீனில் குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

எங்கள் வீட்டுக்காரர் எழுதின கௌபாய் கதைத் தாள்கள் உங்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், பிழை இருந்தால் திருத்திக்கொள். பொள்ளாச்சியைத் தாண்டாத மனுஷன். ஜட்கா வண்டிக் குதிரையைக் கண்டாலே ஒதுங்கிப் போவார். எழுதுவது பூரா டெக்ஸாஸ். எல்லாக் கதையிலும் கதாநாயகன் பெண்டாட்டி இரண்டாம் பக்கத்திலேயே செத்துப்போவாள். "ஏனுங்க, ஒருத்தியையாவது உசுரோட விடக்கூடாதுங்களா?" என்று கேட்டால், "அவ இருந்தா அவன் எப்படி குதிரை ஏறுவான்?" என்பார். கதை முடிவில் அவன் "போறேன்" என்று கிளம்பிவிடுவான். புறப்படுகிறவன் போயிட்டு வரேன் என்றல்லவா சொல்லணும்? அதற்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்படிப்பட்டவர், கடைசிக் கதையைப் பாதியில் வைத்துவிட்டுப் பேனாவுக்கு மை வாங்கக் கிளம்பிய அன்றைக்கு, "போயிட்டு வரேன், புஷ்பா" என்றார். பஸ் ஸ்டாண்டில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வரேன் என்று சொல்லிவிட்டு வராததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தக் கடைசிக் கதையையும் என் மகன் இளமாறன் என்னைக் கேட்காமல் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். திருப்பி அனுப்பு. நான் அதைப் பிரித்ததே இல்லை. அதிலும் பெண்டாட்டியாக நான் சாவதை யாரும் படிக்க வேண்டாம்.

புஷ்பவல்லி

அபிலீன்
24.1.2025

மதிப்பிற்குரிய பாட்டிக்கு, வணக்கம்.

ஒரு தவறு நடந்துவிட்டது. கதைத் தாள்களோடு வந்த படிவத்தில் ஆசிரியர் பெயர் கேட்ட இடத்தில் நீங்கள் 'அவர்' என்று எழுதியிருந்தீர்கள். தமிழ் தெரியாத என் மேலதிகாரி அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டார். இப்போது எல்லாப் பெட்டிகளிலும் 'மிஸ்டர் அவர்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது! புத்தக அட்டைகளில் 'மின்னல் ராஜா' என்ற புனைபெயர்தான் இருக்கிறது. படிவத்தில் கையெழுத்திட்ட நீங்களே உண்மைப் பெயரை எழுதித் தந்தால்தான் மாற்ற முடியும்.

கடைசிக் கதையைத் திருப்பி அனுப்ப விதி இடம் தராது. அதைப் படித்தேன். மனைவி சாகவில்லை, பாட்டி. செத்தவன் குதிரைக்காரன். மேடு பள்ளம் இல்லாத நிலத்தில் ஒரே மாதிரி வீடுகள். ஒரு வீட்டு வாசலில் நீலக் கம்பளி சுற்றிய கறிவேப்பிலைத் தொட்டி. உள்ளே அவள், வயதானவளாக. தெருமுனையில் அவன் குதிரையை நிறுத்துகிறான். அதோடு எழுத்து நின்றுவிடுகிறது.

இது 1987இல் எழுதியது. உங்கள் வீட்டில் கறிவேப்பிலை இருக்கிறதா?

அன்புடன்
அஞ்சனா

ஃபிரிஸ்கோ
5.2.2025

அஞ்சனா கண்ணுக்கு,

இருக்கிறது. குளிருக்கு நீலக் கம்பளி சுற்றினதும் நான்தான்.

இதையும் கேள். எங்கள் வீட்டுப் புல்தரையைக் குதிரை மிதித்துக் கெடுத்திருக்கிறது என்று எச்ஓஏ என்கிற இந்தக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மருமகள் கயல், "மான் வந்திருக்கும் அத்தை, நான் அப்பீல் பண்ணிக்கறேன்" என்கிறாள். மானுக்கு யார் லாடம் அடித்தது? முதலில் தெருமுனையில் இருந்த தடம் இப்போது எங்கள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லோரும் ஆபீஸ் போனபின், உச்சி வெயிலில், தோல் சேணத்தின் வாசனை வருகிறது. நான் கதவைத் திறக்கவில்லை. நிற்கட்டும். நான் நிற்காததா?

பெயரா? கட்டின நாளிலிருந்து அதை நான் சொன்னதே இல்லை. கோயில் அர்ச்சனைக்குக்கூட இளமாறனைத்தான் சொல்ல வைப்பேன். மிஸ்டர் அவராகவே கிடக்கட்டும்.

வந்தவர் ஏன் உள்ளே வரவில்லை? தாளைப் பார்த்துச் சொல்.

புஷ்பவல்லி

அபிலீன்
14.2.2025

அன்புள்ள பாட்டிக்கு,

தாளை மறுபடியும் எடுத்தேன். முன்பு நான் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கதை தெருமுனையோடு நிற்கவில்லை. அவன் குதிரையைத் தபால் பெட்டியில் கட்டுகிறான். வாசல்வரை வருகிறான். கடைசி வரி இது: "கூப்பிடாத வீட்டுக்குள் செத்தவன் நுழைய முடியாது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்."

அந்த வரியைத் தொட்டபோது விரலில் மை ஒட்டியது.

பெயரை எழுத வேண்டாம், பாட்டி. சீட்டில் 'அவர்' என்றே இருந்துவிட்டுப் போகட்டும். தயவுசெய்து கதவைத் திறக்காதீர்கள்.

அஞ்சனா

ஃபிரிஸ்கோ
20.2.2025

அஞ்சனா கண்ணுக்கு,

ஆசிரியர் பெயர்: கிட்டுசாமி.

எழுதிவிட்டேன். வாய்விட்டு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட எப்படியும் வெளியே போகணும். அப்போது சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால், "மை வாங்க இவ்வளவு நேரமா?" என்று ஒரு பிடி பிடிக்கணும்.

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கயலிடம் சொல்லியாகிவிட்டது. நீ பயப்படாதே. சீட்டை மாற்றி ஒட்டு. இந்த ஒரு கதையில் அவளைச் சாகவிடவில்லை என்பதையும் அதில் எழுது. அவ்வளவு நாள் கோபித்துக்கொண்டிருந்தவள், இதையும் சொல்லணும் இல்லையா.

வாசலில் லாடச் சத்தம் கேட்கிறது.

போறேன், கண்ணு.

கிட்டுசாமி புஷ்பவல்லி