பானையில் வைத்த ஸ்பீக்கர்

12 மே 1984, சனி

கோடைக்கென்று வாங்கிய தண்ணிப் பானை போச்சு. உடையவில்லை. இவர் அதன் வாயில் பெரிய ஸ்பீக்கரைக் கவிழ்த்து, டேப்ரெக்கார்டரிலிருந்து ஒயர் இழுத்துவிட்டார். பானையில் வைத்தால்தான் பாஸ் என்கிற அந்த அதிர்வுச் சத்தம் வருமாம். பழைய சின்ன ஸ்பீக்கரும் அலமாரி மேலிருந்து கூடவே பாடுகிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்தார். "எங்க செவுத்துல மாட்டுன தட்டெல்லாம் ஆடுது. கொஞ்சம் கொறைக்கச் சொல்லேம்மா." இரண்டு தடவை சொன்னேன். இவர் திரும்பவே இல்லை. எனக்கோ தலைவலி. எரிச்சலில் பானை ஒயர் என்று நினைத்து ஒரு ஒயரைப் பிடுங்கினேன். அது அலமாரி ஸ்பீக்கரோடது. பாடுகிற குரல் நின்றுபோய், பானையிலிருந்து தும் தும் என்று மட்டும் வந்தது.

திட்டு விழும் என்று நின்றேன். இவர் பானை வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்பதான்டி பாட்டு நல்லா கேக்குது" என்றார்.

மில்லில் தறிகளுக்கு நடுவே பதினெட்டு வருஷம் நின்ற காது. கூப்பிட்டுத் திரும்பாதபோதெல்லாம் வீம்பு என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்.

ஒயரைத் திரும்பச் சொருகினேன். மேரி அக்காவிடம் போய், "தட்டையெல்லாம் கழட்டிக் கீழ வச்சிடுங்கக்கா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கண் சொருகுகிறது. நாளைக்குத் தண்ணிக்கு வேற பானை வாங்கணும்.