இரண்டு விரல் கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதினால் பாதி பொய், அம்மா மட்டும் நலம். நீ முழுசாக நலமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் பேசினால் நீ சிரித்து மழுப்புவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

போன வாரம் நீ ஒரு காணொளி அனுப்பினாய், யாரோ ஒருவன் இரண்டே விரலால் கிடார் வாசிக்கிறான், அதன் கீழே "அப்பா, ரெண்டு விரல் போதும் பாத்தீங்களா, எனக்கும் காலைல எழுந்தா சுண்டு விரல் மரத்துக் கிடக்கு, நம்ம குடும்பத்துக்கே ஜிப்ஸி ஜாஸ் ரத்தம்" என்று எழுதியிருந்தாய். காணொளியை நான் முடிவு வரைக்கும் பார்க்கவில்லை. அந்தச் சுண்டு விரல் வரியைத்தான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் காலையில் மரத்திருக்கும், உதறினால் சரியாகிவிடும், பிறகு உதறினாலும் சரியாகவில்லை. நம் குடும்ப டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது, உடனே அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னார். அன்றைக்கே போயிருப்பேன். வழியில் நாங்கள் கூடி வாசிக்கிற அச்சகத்து மாடிக்குப் போனதுதான் என் கெட்ட நேரம்.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். விரல் மரத்துப்போகிறது என்று சொன்னால் நாலு பேர் பதறுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் முகத்தில் விளக்கு எரிந்தது. இந்த இசையை உண்டாக்கியவருக்குத் தீ விபத்தில் இடது கையின் கடைசி இரண்டு விரலும் மடங்கிப்போயிற்று, மிச்ச இரண்டு விரலால்தான் அப்படி வாசித்தார் என்ற கதை இந்தப் பைத்தியம் பிடித்த எவனுக்கும் தெரியும், உனக்கும் சின்ன வயதிலேயே நான்தான் சொன்னேன். அச்சகத்துக்காரர் கிடாரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, "யோவ், எந்த ரெண்டு, காட்டு. அதே ரெண்டுய்யா" என்று லாட்டரி விழுந்தவனைப் போலக் கூவினார். பாஸ் வாசிக்கிற பல் டாக்டர், "கத்தி வைக்க விட்றாதீங்க சார், நரம்புல கை வெச்சா போச்சு, ஆறு மாசம் ரெண்டு விரல்ல பழகிப் பாருங்க" என்றார். பல்லுக்கும் முழங்கைக்கும் எவ்வளவு தூரம் என்று அன்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் அவ்வளவு உற்சாகம், பழைய இசைத்தட்டுகளை எடுத்துப் போட்டு, இந்த இடம் ரெண்டு விரல், இந்த இடம் பாருங்க, ரெண்டே விரல் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள்.

ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. அந்த மகான் வாசித்தது லீட், முன்னால் ஓடுகிற மெட்டு. முப்பது வருஷமாக நான் வாசிப்பது ரிதம், பின்னால் விழுகிற தாளம். நம் இசையில் டிரம்ஸ் கிடையாது, டிரம்ஸ் என் கைதான், நாலு விரலும் சமமாக அழுத்தி, அடித்த மறு நொடி விட்டால்தான் அந்த வெட்டு விழும். அச்சகத்துக்காரர் கைதட்டு வாங்கியதெல்லாம் என் விரல்மேல் ஏறி நின்று. அந்தக் கை போகிறது என்றவுடன் என்னை லீடுக்கு உயர்த்தினார்களாம், என் நாற்காலிக்கு ஒரு டிரம்ஸ்காரனைக் கூட்டி வந்தார்கள். தற்காலிகம்தான் என்றார் அச்சகத்துக்காரர், இந்த இசையில் டிரம்ஸ் நுழைந்தால் நான் வெளியே போவேன் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்த அதே வாய்.

ஆறு மாதம் கழித்து, இந்த இசைக்காரர்கள் கூடுகிற வருஷாந்திரக் கூட்டத்தில், அந்த ஓட்டல் கூடத்தில், வட்டமாக நாற்காலி போட்டு என்னை வாசிக்க வைத்தார்கள். நொண்டிக்கொண்டு போய் முடித்தேன். கைதட்டு நிற்கவே இல்லை. நான் சரியாக வாசித்த காலத்தில் ஒருவனும் தட்டியதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வந்து படம் எடுத்தாள், முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்தாள்.

தட்டாதவன் உன் மாமா ஒருவன்தான். நீ வெளிநாடு கிளம்பியபோது, போகட்டும், இங்கே இருந்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன், அதிலிருந்து அவன் வயலினோடு வாசிப்பேனே தவிர அவனோடு பேசுவதில்லை, உனக்குத் தெரியும். வண்டி நிறுத்துமிடத்தில் வழிமறித்து, "அத்தான், சகிக்கல. மாசாமாசம் அந்தக் கை மெலியுது, இவனுங்க தட்டிக்கிட்டு இருக்கானுங்க. நாளைக்கு என்கூட வாங்க" என்றான். நான் சொன்ன பதிலை எழுத முடியாது. மறுநாள் காலையில் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், அம்மா என் செருப்பைப் படியில் எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கையில் இழுக்க முடியவில்லை. இடது கையில் தொட்டார், வந்துவிட்டது. இரண்டு விரலுக்கும் இடையில் இருந்த சதை பள்ளமாகிவிட்டதை அவர் காட்டித்தான் பார்த்தேன், ஆக அந்த மிச்ச விரல்களிலும் பலம் பாதிதான். அப்போதே வந்திருந்தால் கை பெரும்பாலும் திரும்பியிருக்கும், இனி இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது, ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்டார். இரண்டு பட்டம் வாங்கிய நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். உன் மாமா, "கதை கேட்டுக்கிட்டு இருந்தாரு டாக்டர்" என்றான். சரிதான். ஆனால் ஆறு மாதமும் பார்த்துக்கொண்டிருந்து கடைசியில் வாய் திறந்ததையும் அவன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

வரும் மாதம் முதல் வியாழக்கிழமை அறுவை. நீ லீவு போட்டு வர வேண்டாம், உன் மாமா கூட இருப்பான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பேன். நீ செய்ய வேண்டியது வேறு. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை செய்யாதே, கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்காதே. நரம்பு பார்க்கிற டாக்டரிடம் உடனே போ, அதற்கு முன்னால் உன்னோடு அங்கே வாசிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. அவர்கள் நல்லவர்கள் என்பாய், இங்கே இருப்பவர்களும் நல்லவர்கள்தான். சந்தோஷப்படுவார்கள், எனக்கு அதுதான் பயம்.

உன் கையும் காலும் கடைசி வரைக்கும் உன் பேச்சைக் கேட்க வேண்டும், இதைவிடப் பெரிய ஆசி எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் படம் பிடித்து அம்மாவின் போனுக்கு அனுப்பு. அந்த வியாழக்கிழமை காலைக்குள் அது வரவில்லையென்றால் நான் அறுவை மேசையில் ஏறிப் படுக்க மாட்டேன், மிச்சமிருக்கிற விரல்களும் போகட்டும். அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா