மாவு டப்பாவில் கிடைத்த மாத்திரைகள்

தாலாய்,

ஷோர்போ சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள். மதியம் உங்கள் அக்கா போர்சோக் ரொட்டி பொரிக்க வருவார். இன்று சாயங்காலம் நம் மகள் ஜிபெக்கைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

மாவு எடுக்கப் போய் டப்பாவில் உங்கள் மாத்திரைகளைப் பார்த்தேன். நான்கு நாள் மாத்திரை அப்படியே இருக்கிறது. "வலிப்பு மாத்திரைய சம்பந்திக்காரங்க பாத்தா ஏழு தலைமுறைத் தகப்பன் வரைக்கும் தோண்டுவாங்கடா" என்று அக்கா சொன்னதற்காகவா நிறுத்தினீர்கள்? உங்களுக்கு வலிப்பு இல்லை, மனச்சோர்வு. டாக்டரம்மா என்ன சொன்னார்? "வலிப்ப அடக்குற மருந்துல சிலது மூளையில டோபமைனக் கொஞ்சம் தூக்கிவிடலாம்னு நினைக்கிறோம். எல்லாருக்கும் கேக்காது." உங்களுக்குக் கேட்டதே. போன மாதம் பாடிக்கொண்டே சவரம் செய்தீர்கள்.

விட்டதை நீங்களாகத் தொடங்காதீர்கள், அதுவும் ஆபத்தாம். டாக்டரம்மா பத்து மணிக்குக் கூப்பிடுவார். தயவுசெய்து போனை எடுங்கள். சம்பந்திகள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அய்சுரெக்

நேற்று "சோம்பேறி" என்றது தப்பு. மாத்திரையை நிறுத்தியது தெரியாமல் சொல்லிவிட்டேன்.

பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறேன். போன குளிர்காலத்தில் நீங்கள் அங்கே நின்றதை நான் மறக்கவில்லை. கோபம் வரும், வரட்டும். நான் திரும்பி வந்ததும் திட்டுங்கள். திட்டுவதற்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.