வாங்காத திமிங்கலப் பல்

மார்ச் 3

சுவாவில் மழை விடவில்லை. மதியம் மேசையிலேயே மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும். நதராவா ஊரில் ஒரு தனியார் கம்பெனி வைத்த தானியங்கித் தண்ணீர் வால்வு பற்றிய அறிக்கை வந்திருக்கிறது. எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணினியே முடிவெடுக்கிறதாம். துளியும் வீணாகவில்லையாம். அடுத்து ஃபிஜியின் நாற்பது ஊர்களுக்கு. ஒப்புதல் தர வேண்டியது எங்கள் குடிநீர் அலுவலகம்.

தண்ணீர்ச் செலவு வரைபடத்தில், நதராவாவின் மேட்டுப் பகுதியான மேலூரின் கோடு தரையோடு படுத்திருக்கிறது. மேலூர் என் அம்மா பிறந்த இடம். அங்கே யாருமே தண்ணீர் குடிப்பதில்லையா? கூட்டத்தில் கேட்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். வழக்கம்போல.

மார்ச் 5

மேலூரில் இருக்கும் அம்மாவின் அண்ணன் அபிசாய் மாமாவுக்குப் போன் செய்தேன். ஒரு மாதமாகக் குழாயில் சொட்டுத்தான். ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பேத்திக்கு வயிற்றுப்போக்கு, டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். "கீழூருக்கு ராப்பகலா ஊத்துது. எங்களுக்கு மட்டும் குழாய் காத்து விடுது, மருமவளே" என்று சிரித்தார். எப்படிச் சிரிக்க முடிகிறது?

மார்ச் 7

வால்வின் பதிவுகளையும் மாமா சொன்னதையும் சேர்த்துப் பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது. ஜனவரியில் ஊர்த்தலைவரின் மனைவி இறந்தபோது மேலூர் முழுவதும் கீழூரின் துக்க வீட்டுக்கு இறங்கிவிட்டது. பத்தாம் இரவு முடிந்துதான் திரும்பினார்கள். அதுவரை குழாய்கள் மூடிக் கிடந்தன. மேலூருக்குத் தண்ணீர் தேவையில்லை என்று கணினி கற்றுக்கொண்டது. திரும்பி வந்தவர்களுக்குக் கொஞ்சம்தான் விட்டது. கொஞ்சம் விட்டதால் கொஞ்சம்தான் பிடித்தார்கள். அதைப் பார்த்து இன்னும் குறைத்தது.

பிரிவுத் தலைவர் செவனாயா சாரிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். கம்பெனி, ஊர் வழக்கப்படி திமிங்கலப் பல் கொண்டுபோய் ஊரிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறதாம். "நீயும் வா டோரிகா. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா நல்லது."

பல்லை வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது. பிறகு யாரும் அதைப் பேசமாட்டார்கள். சாருக்கும் அது தெரியும். நாற்பது ஊருக்கும் இதே வால்வு போகும்.

மார்ச் 9

மனதில் இருப்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. கரும்பு வெட்டிப் படிக்கவைத்தவர். வேலை போனால்—

மார்ச் 12

இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

நதராவா கூடத்தில் கம்பெனி மேலாளர் முழங்காலிட்டுப் பல்லை நீட்டினார். சடங்கை நன்றாகப் பழகி வந்திருந்தார். ஊர்த்தலைவர் சார்பில் அதை வாங்க வேண்டியவர் அபிசாய் மாமா. நான் கதவோரம், பெண்களோடு. இந்த ஊர்ப் பெண்ணின் பிள்ளை நான். நான் ஒன்றைக் கேட்டால் ஊர் மறுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இதுவரை ஒரு பாய்கூடக் கேட்டதில்லை.

பேச அனுமதி கேட்கும் முறையில் கைகளைக் குவித்துத் தட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"மாமா, எனக்கு ஒண்ணு வேணும்."

"பன்னி கேக்கப்போறா, ஒளிச்சு வைங்கடா" என்றார் யாரோ. சிரிப்பு.

"இந்தப் பல்ல இன்னிக்கு வாங்காதீங்க. என்ன தப்பு நடந்துச்சுன்னு நாப்பது ஊருக்கும் சொல்லட்டும். வால்வ நம்ம கையால திறக்க வழி வைக்கட்டும். அப்புறம் வாங்குங்க."

சிரிப்பு நின்றது. நீட்டிய பல்லை வாங்காமல் விடுவது எவ்வளவு பெரிய அவமானம் — எனக்குத் தெரியாதா? மாமா தலைவரைப் பார்த்தார். தலைவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளரின் நீட்டிய கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

மாமா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "எங்க பொண்ணு கேட்டுட்டா. இனி நாங்க என்ன செய்ய?"



மார்ச் 17

என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கீழ்த்தளம், ஜன்னல் இல்லை. யாரும் கூப்பிடாத போன் ஒன்று.

ஏப்ரல் 4

மாமாவின் பேத்தி வீடு வந்துவிட்டாள். மேலூர் வால்வுக்குக் கைச்சக்கரம் மாட்டியிருக்கிறார்கள். நடந்த தவறு பற்றி மட்டும் கம்பெனி இன்னும் ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை.

ஏப்ரல் 23

போன் அடித்தது. லாவு தீவுகளிலிருந்து ஒரு பெண். அவர்கள் ஊருக்குக் கம்பெனி வால்வோடு வருகிறதாம். நதராவா சேதி காதில் விழுந்திருக்கிறது. "சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட என்னென்ன கேக்கணும்? உங்க ஆபீஸ்ல யாராச்சும் சொல்லுவாங்களாம்மா?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினேன். கூட்டத்தில் வாய் மூடிக்கொண்ட அதே நான்தான்.